மின்சாரம் நின்றால் மில் ஓடுமா? கூரைச் சோலர் தொகுதி பற்றி ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்து இணுவிலில் அரைக்கும் மில் நடத்துகிறேன். செத்தல் மிளகாய், மல்லி, அரிசி, உழுந்து, குரக்கன், காலம் வந்தால் ஒடியல் என்று எது வந்தாலும் அரைத்துக் கொடுப்பேன். 2025 நடுப்பகுதியில் மில்லின் கூரையில் 10 கிலோவாட் சோலர் தொகுதி ஒன்றைப் பொருத்தினேன். 550 வாட் பனல்கள் 18, மின்வலையோடும் பற்றரியோடும் வேலை செய்யும் திறீ பேஸ் ஹைபிரிட் இன்வேட்டர், 10 கிலோவாட் மணி லித்தியம் பற்றரி. ஒரு சோளகமும் (தென்மேல் காற்றுக் காலம்) ஒரு மாரியும் பார்த்தாகிவிட்டது. வாங்க யோசிப்பவர்கள் மில்லுக்கு வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மோட்டார்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பதில் சொல்லித் தொண்டை வரண்டுவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பாராட்டவும் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் இரண்டையும் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் அரசியல். சோலர் பற்றிய மதிப்பீட்டில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள் அடுத்த சில பந்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் நான் எதை வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்பது ஒரு வேட்பாளரிடம் கேட்ட கேள்வியில்தான் தொடங்கியது.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் மில் வாசலில் நின்று நிறைய நேரம் பேசினார். காணி, வேலைவாய்ப்பு, போதைப்பொருள் என்று மற்றவர்கள் பேசியதை விட்டுவிட்டு அவர் எரிசக்தித் தன்னிறைவு பற்றிப் பேசினார். நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வரும்வரை இந்த நாட்டின் கழுத்து அடுத்தவன் கையில்தான் என்றார். நுரைச்சோலையின் 900 மெகாவாட்டும் இறக்குமதி நிலக்கரியில் ஓடுகிறது, சப்புகஸ்கந்தவில் சுத்திகரிக்கும் எண்ணெயும் வெளியிலிருந்து வருகிறது, ஆனால் பளையில் காற்றாலைகள் 2014 முதல் சுழல்கின்றன, மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை இருக்கிறது, பூநகரியில் வீசும் காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை என்று அடுக்கினார். மனிதர் படித்துவிட்டு வந்திருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மில்லில் வரிசையில் நின்ற பெண்கள்கூடக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. 2022ஐ மறக்க முடியுமா? டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் கடலில் காத்து நின்றன. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. மிளகாயை வறுத்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மின்சாரம் வரும்வரை வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்கள். அந்த ஓகஸ்டில் கட்டணம் 75 விழுக்காடு ஏறியது. 2023 பெப்ரவரியில் அதன் மேல் மேலும் 66 விழுக்காடு. கிலோவுக்கு அரைகூலியைக் கூட்டும்போது வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டே சொல்லப் பழகினேன்.

எரிசக்தி பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்க வருபவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1990 இலிருந்து 1995 வரை இந்தக் குடாநாடு தேசிய மின்வலை இல்லாமலேயே இருந்தது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடையாது. ஓட்டுநர்கள் சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மண்ணெண்ணெயைக் கரண்டியால் அளந்து விட்டு, நூல்திரியில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அப்பாவின் மில் பூட்டிக் கிடந்தது, அம்மா உரலை வெளியே எடுத்தார். இறக்குமதியை ஒருவரும் நம்பியிருக்கவில்லை, ஏனென்றால் இறக்குமதியே இல்லை. எனவே தன்னிறைவு என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது, எந்த அளவு வசதியோடு என்று கேட்காமல் கைதட்ட என்னால் முடியாது.

அதைத்தான் அவரிடம் கேட்டேன். “தம்பி, மின்சாரம் நின்றால் என் மிளகாய் மில் ஓடுமா?”

“நாடு தன்னிறைவு அடைந்துவிட்டால் மின்சாரம் ஏன் நிற்கப் போகிறது, அம்மா?” என்று சிரித்தார். துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்துவிட்டு அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தார். நல்ல தடித்த தாள். குரக்கன் மா அள்ளும்போது சிந்தாமல் பிடிக்க உதவியது.

அதற்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலும் இதே பேச்சுத்தான் பெரிய அளவில் நடந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் இந்தியாவின் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்துக்கு, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் 20 ஆண்டுக்கு வாங்க 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. அநுர குமார திசாநாயக்க வேட்பாளராக இருந்தபோது, அது நாட்டின் எரிசக்தி இறைமைக்கு அச்சுறுத்தல், வென்றால் இரத்துச் செய்வோம் என்று தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் தொலைக்காட்சியில் சொன்னார். வென்றார். விலையை மீண்டும் பார்க்க அரசு புறப்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. மன்னார் மக்களுக்கும் பறவைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கும் அதில் நிம்மதி இருந்தது, நியாயந்தான். விலை அதிகம் என்ற வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்காரன் என்பதாலேயே ஒன்று இறைமைக்கு ஆபத்து என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நான் பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவள். பங்காளியின் முறை நாளில் நாங்கள் வாளி போட மாட்டோம், எங்கள் முறையில் அவர் போட மாட்டார். யாரும் யாருக்கும் அடிமையாகவில்லை. சண்டை வந்தால் உறுதிப் பத்திரத்தை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்போம். காற்றாலையானாலும், 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கையெழுத்தான இரு நாட்டு மின்வலை இணைப்பானாலும், உறுதியில் என்ன இருக்கிறது என்பதை வேட்பாளர்கள் எங்களுக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். அங்கே அமைக்கவிருந்த காற்று, சூரிய மின் திட்டம் 2021 தொடக்கத்தில் சீன நிறுவனம் ஒன்றுக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. 2022 இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. இரண்டு பெரியவர்கள் கதிரைக்குச் சண்டை பிடிக்க, தீவுக்காரர் டீசல் பிறப்பாக்கியோடு இருந்தார்கள்.

இனி 2025 பெப்ரவரி 9. ஞாயிற்றுக்கிழமை, மில்லில் கூட்டம். முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. குரங்குக்குப் பின்னால் இருந்த காரணம் அவ்வளவு சிரிப்பானது அல்ல. ஞாயிறு பகலில் நாட்டின் மின்தேவை குறைவு, கூரைச் சோலரிலிருந்து வரும் மின்சாரமோ அதிகம். கனமாகச் சுழலும் பெரிய இயந்திரங்கள்தான் ஒரு அதிர்ச்சி வரும்போது மின்வலையைத் தாங்கிப் பிடிக்கும். அவை குறைவாக ஓடிய நேரம் பார்த்து அதிர்ச்சி வந்தது, எல்லாம் சரிந்தது. நுரைச்சோலையும் நின்றுவிட, தொடர்ந்து சில நாட்கள் சுழற்சி மின்வெட்டும் வந்தது. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக்காலம் முழுவதும் பகல் மூன்று மணிவரை கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று உரிமையாளர்களிடம் மின்சார சபை கேட்டுக்கொண்டது. இறக்குமதி எண்ணெய் இல்லை என்று அழுத நாடு, மூன்று வருடத்தில் வெயில் அதிகம் என்று அழுதது.

அந்த ஞாயிறு, எதிர்ப்புறம் போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கும் அண்ணாவின் கூரையில் புதுப் பனல்கள் வெயிலில் பளபளத்தன. உள்ளே மின்விசிறிகூடச் சுற்றவில்லை. சாதாரண இன்வேட்டர் மின்வலை நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரை மின்சாரம் தாக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அது பழுது அல்ல. ஆனால் அந்த அண்ணாவுக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. வாசலில் நின்று கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகுதான் சோலர் விசாரிக்கப் புறப்பட்டேன். போன கடைகளில் எல்லாம் வேட்பாளரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். ஒரு கடையில், “அன்ரி, இனி மின்சாரம் போனாலும் உங்களுக்குத் தெரியாது” என்றார்கள். இன்னொரு கடையில் பட்டியலைக் காட்டி, பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது கடையின் தொழில்நுட்பத் தம்பி பதில் சொல்லவில்லை. மில்லைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தார். மோட்டார்த் தகடுகளைத் துணியால் துடைத்து வாசித்தார். மிளகாய் மில் 7.5 குதிரைவலு, அரிசி மில் 10. மின்னோட்டம் அளக்கும் கொக்கி மானியைக் கம்பியில் மாட்டி, மோட்டாரைக் கிளப்பச் சொன்னார். கிளம்பும் கணத்தில் எண் எகிறி விழுந்தது. ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கிளம்பும்போது இழுக்கும் என்று அதைக் காட்டியே விளங்கப்படுத்தினார்.

பிறகு பதில் சொன்னார். “மின்சாரம் நின்றால் மிளகாய் மில் ஓடும், அன்ரி. ஆனால் அதற்கு வேகத்தை மெல்ல ஏற்றும் கருவி ஒன்று தனியே பூட்ட வேண்டும். அரிசி மில் ஓடாது. இரண்டும் ஒன்றாக ஓடவே ஓடாது. மழை இருட்டு இரண்டு நாள் நின்றால் மிளகாய் மில்லும் ஓடாது.”

அந்தக் கடையில் வாங்கினேன். விலை மற்ற இரண்டையும்விடக் கூட, 22 இலட்சத்தைத் தொட்டது. “ஓடாது” என்று மூன்று தரம் சொன்ன ஒருவரை அந்த வருடத்தில் அப்போதுதான் சந்தித்தேன்.

பொருளைப் பற்றி. பெட்டிகள் வந்திறங்கியபோது பனல், இன்வேட்டர், பற்றரி எல்லாவற்றிலும் சீனத் தயாரிப்பு என்றே அச்சிட்டிருந்தது. தன்னிறைவும் கொள்கலனில்தான் வருகிறது. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. நிலக்கரிக்குக் கப்பல் கப்பலாகப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பனலுக்கு ஒரு தடவை கட்டினால் இருபது வருடத்துக்கு மேல் வெயில் இலவசம். இந்தக் கணக்கை அந்த வேட்பாளர் சொல்லியிருந்தால் என் வாக்கைப் பற்றி யோசித்திருப்பேன்.

வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 40 அலகு, நல்ல நாளில் அதற்கு மேலும் வருகிறது. மாரியில் மேகம் மூடிய நாளில் 10 தாண்டினால் அதிசயம். இன்வேட்டரை மில்லுக்குள் மாட்ட வேண்டாம், மா படிந்தால் சூடேறிச் செத்துவிடும் என்று சொல்லி வீட்டின் பின்விறாந்தைச் சுவரில் மாட்டினார்கள். நல்ல யோசனை. மின்சாரம் நின்றால் இன்வேட்டர் மாறும் கணம் குளிர்சாதனப் பெட்டிக்குத் தெரிவதில்லை. மிளகாய் மில்லை மட்டும் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும்.

மில்காரர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. எந்த விளம்பரத்திலும் இது இல்லை. அரிசிமாத் தூசி காற்றோடு ஏறிப் பனலில் படியும். விடியப்புறப் பனியில் அது நனைந்து பசையாகும், வெயில் ஏறியதும் சேலைக்குக் கஞ்சி போட்டதுபோல இறுகிவிடும். கையால் தேய்த்தாலும் போகாது. உற்பத்தி மெல்ல மெல்லக் குறைந்தபோது இன்வேட்டர் பழுதென்று அண்ணன் மகன் அடம்பிடித்தான். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், மில்லின் தூசி போகும் குழாய்ப் பக்கத்து நான்கு பனல்களும் வெள்ளை பூசியது மாதிரி மங்கிப் போய்க் கிடந்தன. கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் இன்னும் மோசம். எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படை விட்டுப் போகும். இப்போது மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, சூரியன் ஏறுமுன் மெல்லிய துணியால் துடைக்கிறோம். சுட்ட பனலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். அந்தக் குழாயை மறுபக்கம் திருப்பியதும் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கடைக்காரர்கள் மில்லுக்கு விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த குறை கூரை. மில் கூரை சீற். கொழுவிகளைப் பூட்ட அதில் துளை போட்டார்கள். சோளகத்தில் எல்லாம் திறம். முதல் ஐப்பசி மழைக்கு மல்லி மூட்டைக்கு நேர் மேலே ஒழுக்கு. தொலைபேசி எடுத்தால், “நாளைக்கு வருகிறோம்”. நாளைகள் பல போயின. கடைசியில் வந்து றப்பர் வளையம் மாற்றிப் பசை பூசிச் சரிசெய்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் மல்லி பூஞ்சணம் பிடித்தபின் இலவசத்தால் என்ன பயன்? பூட்டும் வேலை முடிந்ததும், வெயிலாக இருந்தாலும் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சட்டம் அலுமினியம், ஆணிகள் துருப்பிடிக்காத உருக்கு. இங்கே கடற்காற்றில் வேறெதுவும் தாங்காது, அதில் கடை கஞ்சத்தனம் பண்ணவில்லை.

2025 நவம்பர் முடிவில் டித்வா புயல் வந்தபோது தொழில்நுட்பத் தம்பியின் வாய்ச்சொல்லுக்கு முழுப் பரீட்சை. மின்சாரம் நின்றது. முதல் நாள் பற்றரியில் வீட்டு விளக்குகளும் கிணற்று மோட்டாரும் ஓடின. அயலட்டை எல்லாம் வந்து கைபேசிகளைச் செருகிவிட்டுப் போனது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எடுத்த அழைப்புகளில் பாதி எங்கள் விறாந்தையில்தான் மணியடித்திருக்கும். வானம் தெளியவில்லை, பனல்கள் பெயருக்கு ஏதோ தந்தன, மறுநாள் மாலை பற்றரி இறங்கிவிட்டது. பழைய டீசல் பிறப்பாக்கியை இழுத்து வைத்தோம். சொன்னபடி நடந்தது என்பதால் கோபம் வரவில்லை.

பணக் கணக்கு. 2016 இல் அரசு, கூரைச் சோலர் மின்சாரத்தை எங்களிடம் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபா, பிறகு 15.50 என்றது. நெருக்கடிக்குப் பின் 37 வரை ஏற்றியது, பிறகு 27 அளவுக்கு இறக்கியது, 2025 இல் என் அளவுத் தொகுதிக்கு 20 ரூபாவுக்குக் கீழே வந்துவிட்டது. நாங்கள் வாங்கும் கட்டணமோ 2025 ஜனவரியில் 20 விழுக்காடு இறங்கி, ஜூனில் 15 விழுக்காடு ஏறியது. இப்படி ஆடும் ஏற்ற இறக்கத்தில், நாலரை வருடத்தில் முதல் திரும்பும் என்று கடையில் எழுதிக் கொடுத்த தாளை நான் நம்பவில்லை. என் கணக்கில் ஆறு, ஏழு வருடம். மின்சாரத்தை விற்று உழைக்கலாம் என்று வாங்குபவர்கள் இனி வாங்க வேண்டாம். பகலில் தானே பாவிக்கும் மில், ஐஸ் கடை, தச்சுப்பட்டறை, தோட்டத்துக்கு இறைப்பவர்கள் வாங்கலாம். பகல் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கு இலாபம் குறைவு.

அந்த வேட்பாளரின் கொள்கையிலும் எனக்குப் பட்ட ஓட்டை இதுவே. காற்றும் வெயிலும் எங்களிடம் இருக்கிறது என்பது சரி. 2030க்குள் மின்சாரத்தில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுப்போம் என்ற இலக்கும் நாட்டுக்கு இருக்கிறது. ஆனால் பகல் வெயிலை இரவுக்கு வைத்திருக்கப் பெரிய பற்றரி யார் வாங்குவது, வடக்கின் காற்றைத் தெற்குக்குக் கொண்டுபோகக் கம்பி யார் இழுப்பது, ஞாயிறு பகலில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பவை துண்டுப்பிரசுரத்தில் இல்லை. உள்ளூரில் மின்சாரம் செய்தால் உள்ளூருக்கு நல்லது என்றும் தானாக ஆகிவிடாது. சுன்னாகத்தில் மின்னிலையம் இருந்தது, அயல் கிணறுகளில் எண்ணெய் வந்தது. இழப்பீடாக 2 கோடி ரூபா கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளிக்கும்வரை போக வேண்டியிருந்தது. எங்கள் கிணறு தப்பியது தூரத்தின் புண்ணியம்.

மொத்தத்தில் பொருளுக்கு ஐந்துக்கு நான்கு. பூட்டும் வேலைக்கு மூன்று, ஒழுக்கு அதில் ஒன்றைத் தின்றுவிட்டது. விற்பனைக்கு முன் சொன்ன பதிலுக்கு ஐந்து. வாங்குபவர்கள் மின்சாரம் நின்றால் எது ஓடும், எது ஓடாது என்று விலைமனுவின் கீழே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், எழுத மறுக்கும் கடையை விட்டுவிடுங்கள். அரிசி மில்லையும் சேர்க்கப் பெரிய இன்வேட்டரும் இன்னொரு பற்றரியும் வேண்டுமாம். தம்பியிடம் விலை கேட்டிருக்கிறேன். மழைக்கு முன் வந்து கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.